சொல்றோம்னு சொன்னாங்க… எப்போன்னு கேட்டீங்களா?

கடைசி ரவுண்ட் இன்டர்வியூ முடிந்த பிறகு வரும் மௌனம் வீட்டையே உலுக்குகிறது. கெஞ்சாமல், கோபப்படாமல் பதிலைக் கேட்டு வாங்குவது எப்படி?

நீலகிரியின் பிக்கட்டியில் மூட்டம் இன்னும் கலையவில்லை. படிப்படியாக இறங்கும் தேயிலைச் சரிவின் நடுவே ஒரு வீடு. சமையலறை ஜன்னல் திண்டில் செல்போனைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் சிக்னல் நிற்கிற இடம் அது ஒன்றுதான். பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் அந்தப் பெண்ணின் கண் அங்கேயே இருக்கிறது. பத்து நாளைக்கு முன்னால் கெத்தை வழியாகப் போகும் கோவை பஸ்ஸைப் பிடித்து, சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியின் கடைசி ரவுண்டை முடித்துவிட்டு வந்தவள் அவள். "நல்லா பண்ணியிருக்கீங்க, சொல்றோம்" என்றார்கள். அதோடு சரி.

அம்மா இலை பறிக்கக் கிளம்புகிறார். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டே, "ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்று கேட்கிறார். இதே கேள்வியைத்தான் நேற்றும் கேட்டார், முந்தாநாளும் கேட்டார். வாசலில் நிற்கும் அப்பா, "நான் வேணா ஒரு போன் போட்டுப் பாக்கட்டுமா?" என்கிறார். "வேண்டாம்ப்பா" என்று பதறுகிறாள் மகள். கேட்டால் அலைகிறாள் என்று நினைப்பார்களோ? கேட்காவிட்டால் மறந்துவிடுவார்களோ? இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவில் பதினோராவது நாள் விடிந்திருக்கிறது.

இந்தப் பெண்ணுக்குப் பெயர் தேவையில்லை. பிக்கட்டி இருக்கும் குந்தா வட்டாரத்தில் எந்த ஹட்டிக்குப் (படகர் ஊருக்கு) போனாலும், எந்த எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போனாலும் இவளைப் போல ஒருத்தியையோ ஒருவனையோ பார்க்கலாம். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் அடுத்த தலைமுறையும் தோட்டத்தை நம்பி வாழ முடியாது என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். நியாயமான விலை கேட்டு 2023 செப்டம்பரில் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்ததும் அதனால்தான். ஒரு காலத்தில் மலைக்குச் சம்பளம் கொடுத்த ஊட்டி இந்துநகர் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடிக்கிடக்கிறது. எனவே பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்குகிறார்கள். ஒரு இன்டர்வியூவுக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, அம்மாவின் ஒரு நாள் கூலியில் பெரும்பங்கு என்று அதற்கு ஒரு விலை இருக்கிறது. அப்படிப் போய்வந்தவருக்கு ஒரு வரி பதில் கூட வராமல் இருப்பதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அந்த அறையிலேயே கேட்க வேண்டியது

பலரும் நினைப்பதுபோல, இன்டர்வியூவுக்குப் பிறகு விசாரிப்பது வீட்டுக்கு வந்த பின் தொடங்கும் வேலை அல்ல. அது இன்டர்வியூ அறையிலேயே தொடங்கிவிடுகிறது. கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்று பேனலில் இருப்பவர்கள் கேட்பார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த இடத்தில் "நோ சார், தேங்க்யூ சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். மரியாதைக்குறைவாகிவிடுமோ என்ற கூச்சம்தான் காரணம்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். முடிவை எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கலாம்? யாரிடமிருந்து வரும்? அந்தத் தேதி தாண்டினால் நான் யாருக்கு எழுதலாம்?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பிறகு வரும் காத்திருப்பின் குணமே மாறிவிடும். "வரும் 20ஆம் தேதிக்குள் சொல்கிறோம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், 22ஆம் தேதி வரை பதில் இல்லை, நீங்கள் எழுதுகிறீர்கள். அவர் சொன்ன தேதியை அவருக்கே நினைவூட்டுகிறீர்கள், அவ்வளவுதான். அதில் கெஞ்சல் எங்கே வந்தது? தேதி எதுவும் கையில் இல்லாமல் ஐந்தாவது நாளே "சார், எனி அப்டேட் சார்?" என்று அனுப்பும்போதுதான் அது கெஞ்சலாகத் தொனிக்கிறது. எழுதுகிறவரின் மனநிலை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். படிப்பவருக்கு வித்தியாசம் தெரிவது தேதியால்.

கேட்க மறந்து வந்துவிட்டால்? அன்று மாலையோ மறுநாளோ நன்றி மெயில் அனுப்பும்போது, அதன் கடைசி வரியில் இதைக் கேட்டுவிடலாம். அப்போது கேட்பதை யாரும் அவசரம் என்று நினைக்க மாட்டார்கள்.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

பதில் வரவில்லை என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது, "நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்பதுதான். அலுவலகத்தின் உள்ளே நடப்பது பெரும்பாலும் வேறு.

கடைசி ரவுண்டில் மூன்று பேர் நன்றாகச் செய்திருப்பார்கள். முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும். அவர் கையெழுத்துப் போடும் வரை இரண்டாம் ஆளிடம் "இல்லை" என்று சொல்ல ஹெச்.ஆர். தயங்குவார், "ஆமாம்" என்று சொல்லவும் வழியில்லை. சம்பளக் கோப்பு மேலிடத்தில் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். அந்த இடத்துக்கு ஆளே எடுக்க வேண்டாம், உள்ளேயே ஒருவரை மாற்றிக்கொள்ளலாம் என்று நிதிப் பிரிவு நடுவில் குறுக்கிட்டிருக்கும். பேனலில் ஒருவர் விடுப்பில் போயிருப்பார், அவருடைய மதிப்பெண் ஏறாமல் மற்றது நகராது. இவை எதுவும் வேட்பாளரின் திறமையோடு சம்பந்தப்பட்டவை அல்ல.

இங்கே இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஐ.டி. துறையில் பல கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஆஃபரை ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அந்த மூன்று மாதமும் வேறு இடங்களில் தேடிக்கொண்டே இருப்பார், சேர வேண்டிய வாரத்தில் "வரவில்லை" என்று சொல்வதும் உண்டு. அப்போது ஹெச்.ஆர். புரட்டுவது பழைய பட்டியலைத்தான். அதில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மூன்று நாளுக்கு ஒரு போன் போட்டு, கடைசியில் கோபமாக ஒரு மெசேஜும் அனுப்பியவர். இன்னொருவர் இரண்டு மெயில் அனுப்பிவிட்டு, மூன்றாவதில் மரியாதையாக விடைபெற்றவர். யாருக்குப் போன் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப் பார்த்தால் கடைசியாக அனுப்பும் மெயிலுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பலர் அதை எழுதுவதே இல்லை.

————————————
பெட்டிச் செய்தி: மூன்று கடிதம் போதும்

முதல் மெயில், இன்டர்வியூ முடிந்து ஒரு நாளுக்குள்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. பேசியதில் ஒரு குறிப்பிட்ட விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள் ("கிளையன்ட் புகார்களை வகைப்படுத்துவது பற்றிப் பேசினோம், அதில் எனக்கு ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது"). தேதி தெரியாவிட்டால் இதிலேயே கேளுங்கள்.

இரண்டாவது, அவர்கள் சொன்ன தேதி கழிந்து இரண்டு வேலை நாள் ஆன பிறகு: "வணக்கம். இம்மாதம் 8ஆம் தேதி நடந்த இறுதிச் சுற்றில் கலந்துகொண்டேன். 20ஆம் தேதிக்குள் முடிவு தெரியும் என்று சொல்லியிருந்தீர்கள். இப்போது நிலை என்ன என்று தெரிவிக்க முடியுமா? என் தரப்பிலிருந்து ஆவணம் ஏதும் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறேன்." இவ்வளவே போதும். வீட்டுக் கஷ்டம் இதில் வேண்டாம்.

மூன்றாவது, இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து: "பதில் கிடைக்காததால் மற்ற வாய்ப்புகளைத் தொடர்கிறேன். பின்னர் இடம் ஏற்பட்டால் தெரிவியுங்கள், மகிழ்ச்சியோடு பேசத் தயாராக இருக்கிறேன். நன்றி."

தேதியே தரப்படவில்லை என்றால் இரண்டாவது மெயிலுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். வேறு கம்பெனியில் உண்மையாகவே ஆஃபர் கிடைத்திருந்தால், எந்தத் தேதிக்குள் அங்கே பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தயங்காமல் எழுதலாம். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லக் கூடாது. "சரி, அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் திரும்பிவர வழியில்லை.
————————————

அப்பா போடும் போன்

தமிழ்நாட்டில் வேலை என்பது ஒரு ஆளுடைய விஷயம் மட்டும் அல்ல, வீட்டின் விஷயம். எனவே அப்பா போன் எடுப்பதில் ஆச்சரியமில்லை. தெரிந்த கவுன்சிலரிடமோ, அந்தக் கம்பெனியில் டிரைவராக இருக்கும் ஒன்றுவிட்ட மாமாவிடமோ "ஒரு வார்த்தை சொல்லி வையுங்க" என்று கேட்பதும் அந்தப் பாசத்தில்தான். மூன்று தலைமுறையாக இந்த மலையில் வேலைக்கு வழி அப்படித்தான் இருந்தது. கங்காணியைத் தெரிந்தால் எஸ்டேட்டில் பேர் ஏறும், ஆபீசரைத் தெரிந்தால் பேக்டரியில் இடம் கிடைக்கும்.

இன்று அந்த வழி பல இடங்களில் அடைபட்டுவிட்டது. ஹெச்.ஆருக்கு வேட்பாளரின் அப்பாவிடமிருந்து போன் வந்தால், "இவரால் தனக்காகப் பேச முடியாதா?" என்ற எண்ணமே முதலில் எழும். தெரிந்தவர் வழியாக அழுத்தம் வந்தால் கோப்பு ஒதுக்கி வைக்கப்படவும் கூடும். அரசுப் பணியில் இது இன்னும் கடுமை. சிபாரிசு தேடுவது தகுதி நீக்கத்துக்குக் காரணமாகும் என்று தேர்வாணைய அறிவுரைகளிலேயே எச்சரிக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவரே உங்களை ரெஃபர் செய்திருந்தால், "என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியுமாண்ணா?" என்று அவரிடம் ஒருமுறை கேட்பதில் தவறில்லை. அது உள்ளே இருக்கிற முறைப்படியான வழி. பேனலில் இருந்த ஐந்து பேருக்கும் லிங்க்ட்இன்னில் ஒரே இரவில் ரிக்வெஸ்ட் அனுப்புவதும், ஹெச்.ஆரின் சொந்த எண்ணுக்குக் காலையில் பூப்படத்தோடு "குட் மார்னிங்" அனுப்புவதும் வேறு வகை. முதலில் அவர்களே வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அங்கேயே பதில் கேட்கலாம். மெயிலில் பேசியிருந்தால் மெயில்தான்.

மலைக்கு மட்டும் உள்ள சிக்கல்

சென்னையில் இருப்பவருக்குப் புரியாத ஒரு பிரச்னை பிக்கட்டிக்கும் மஞ்சூருக்கும் கிண்ணக்கொரைக்கும் உண்டு. போன் வந்திருக்கும், ஆனால் மணி அடித்திருக்காது. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கரண்ட் போகும், டவர் போகும், மண் சரிந்து ரோடும் போகும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி, குந்தா வட்டாரத்தை ஒட்டிய அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி ஒரு வாரத்தில் ஹெச்.ஆரிடமிருந்து போன் வந்திருந்தால்? இரண்டு முறை முயன்றுவிட்டு, "எடுக்கவில்லை, ஆர்வம் இல்லை போல" என்று அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள்.

அதனால் மலைப் பிள்ளைகள் முதல் மெயிலிலேயே இரண்டு வரி கூடுதலாக எழுதலாம்: "நான் நீலகிரியில் மலைப் பகுதியில் வசிக்கிறேன். அழைப்பு கிடைக்காவிட்டால் தயவுசெய்து மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ அனுப்புங்கள், அன்றைக்கே திருப்பி அழைக்கிறேன்." சமவெளியில் இருக்கும் அண்ணனின் எண்ணையோ அத்தையின் எண்ணையோ மாற்று எண்ணாகக் கொடுக்கலாம். இதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே வரி, சொன்ன தேதிக்குப் பின் நாமே தொடர்புகொள்ள ஒரு நல்ல காரணத்தையும் தருகிறது: "கடந்த வாரம் இங்கே மின்தடை இருந்தது, நீங்கள் அழைத்திருந்தால் தவறியிருக்கலாம்." உண்மையாகவே மின்தடை இருந்திருந்தால் மட்டும் எழுத வேண்டிய வரி இது.

சேரும் தேதி வராத இரண்டு வருடம்

காத்திருப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியாவில் அண்மையில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அது இன்டர்வியூ முடிவுக்காகக் காத்திருந்த கதை கூட இல்லை, ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகு நடந்தது.

2022இல் இன்ஃபோசிஸ் நிறுவனம் தேர்ந்தெடுத்த பொறியியல் பட்டதாரிகளில் சுமார் 2,000 பேருக்குச் சேரும் தேதி வராமலே இருந்தது. ஒரு மெயில் வரும், இன்னொரு பயிற்சித் தேர்வு வைப்பார்கள், பிறகு மீண்டும் மௌனம். இரண்டு வருடம் ஓடியது. தனித்தனியாக எழுதிப் பார்த்துச் சலித்தவர்கள் பலர். 2024இல் புனேயைச் சேர்ந்த 'நைட்ஸ்' என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்தது. அமைச்சகம் கர்நாடக அரசின் தொழிலாளர் துறையை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. செய்தி பரவியதும், ஆஃபர் கொடுத்த அனைவரையும் சேர்த்துக்கொள்வோம் என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் அறிவித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் சேரும்படி அவர்களுக்குத் தேதி கிடைத்தது.

கதை அங்கே முடியவில்லை. 2025 பிப்ரவரியில், மைசூர் வளாகத்தில் பயிற்சியில் இருந்தவர்களில் 300க்கும் மேற்பட்டோர், உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று அனுப்பப்பட்டார்கள். இரண்டு வருடம் காத்திருந்து சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். படித்தது மறந்து, கை பழக்கம் விட்டுப்போய், அதன் பிறகு தேர்வு எழுதுவது என்ன நிலை என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

விப்ரோவில் நடந்தது இன்னொரு விதம். 2023 பிப்ரவரியில், ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் சம்பளத்துக்குத் தேர்வாகிச் சேரக் காத்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்கு இப்போதே சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். நீண்ட காத்திருப்பில் களைத்தவர் பேரம் பேசும் தெம்பையும் இழந்திருப்பார்.

இந்த இரண்டு சம்பவங்களிலிருந்தும் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் உண்டு. ஒரு கம்பெனியின் பதிலுக்காக மற்ற கதவுகளைச் சாத்தக் கூடாது. ஆஃபர் லெட்டர் கைக்கு வரும் வரை, இப்போது இருக்கும் வேலையை விடக் கூடாது. லெட்டரில் சேரும் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கேட்டு எழுத வேண்டும். அதற்கு வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாக எழுதியபோது கிடைக்காத பதில், ஒன்றாகச் சேர்ந்து முறையிட்டபோது கிடைத்தது என்பதும் கவனத்துக்குரியது.

————————————
பெட்டிச் செய்தி: ராமானுஜன் காத்திருந்த 21 நாள்

கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை சீனிவாச ராமானுஜனும் வேலை தேடி அலைந்தவர்தான். எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். ஆனால் பிறர் தயவில் இருக்க மனம் ஒப்பாமல் வேலை கேட்டு அலைந்தார் ராமானுஜன். 1912 பிப்ரவரி 9ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தார். படிப்பை ஏன் தொடர முடியவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொன்னார், வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைச் சொன்னார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் கூடவே போனது. மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதங்கள் உலகறிந்தவை. பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களிடமிருந்து ஆதரவு வரவில்லை. மனம் தளராமல் 1913 ஜனவரி 16ஆம் தேதி இன்னொரு கணித அறிஞரான ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி பதில் போட்டார். அதற்குப் பிப்ரவரி 27ஆம் தேதி ராமானுஜன் எழுதிய இரண்டாவது கடிதத்தில், தனக்கு என்ன தேவை என்பதை ஒளிக்காமல் சொன்னார்: உங்களிடமிருந்து ஆதரவாக ஒரு கடிதம் வந்தால், இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசிடமோ உதவித்தொகை பெற அது உதவும். அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. இன்னது வேண்டும், இன்ன காரணத்துக்காக வேண்டும் என்று தெளிவாகக் கேட்ட கடிதம் அது.
————————————

அரசு வேலை என்றால்

அரசுத் தேர்வில் ஹெச்.ஆரும் இல்லை, நன்றி மெயிலும் இல்லை. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி, கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கு இன்டர்வியூவே கிடையாது. தமிழ்நாட்டில் குரூப் 4க்கும் எழுத்துத் தேர்வு மட்டும்தான். இன்டர்வியூ உள்ள பணிகளில் முடிவு இணையதளத்தில்தான் வரும், அதிகாரியைப் பார்க்கப் போவதால் பயனில்லை.

ஆனால் அரசிடம் கேட்பதற்கு, தனியாரிடம் இல்லாத ஒரு உரிமை குடிமகனுக்கு உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அது. 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உள்ளவர் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதேசமயம் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டாலே வேலை கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை என்பதையும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியலில் இருப்பது நியமனத்துக்கான மறுக்க முடியாத உரிமை ஆகாது, அதே நேரத்தில் அரசு தன்னிச்சையாகவும் நடக்கக் கூடாது என்று 1991இல் சங்கர்சன் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பட்டியலில் பெயரைப் பார்த்ததும் கடன் வாங்கிக் கிடா வெட்டும் வீடுகளுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

காத்திருப்பவரைத் தேடி வரும் போன்

மௌனம் நீளும்போது நடக்கும் கொடுமையான விஷயம் இது. பதிலுக்காகத் தவிப்பவருக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வரும். "நீங்க செலக்ட் ஆகிட்டீங்க. லேப்டாப் டெபாசிட் மட்டும் கட்டணும்." கம்பெனியின் லோகோ போட்ட லெட்டர் வாட்ஸ்அப்பில் வரும். பத்து நாளாக அதே கம்பெனியின் பதிலுக்காக ஏங்கியவருக்குச் சந்தேகம் எப்படி வரும்? நகை அடகுக்குப் போகும், பணம் கைமாறும், அந்த எண் மறுநாள் வேலை செய்யாது.

நேர்மையான எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்கப் பணம் கேட்காது. இன்டர்வியூவின்போது பேசியவரின் மெயில் முகவரி எது, அவர் பெயர் என்ன என்று முன்பே குறித்து வைத்திருந்தால், வந்த லெட்டர் உண்மையா என்று அவரிடமே கேட்டுவிடலாம். அறையிலேயே கேட்கச் சொன்ன அந்த மூன்று கேள்விகள் இங்கேயும் காப்பாற்றுகின்றன. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும்.

வெளிநாட்டு வேலையில் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப் போகப்பட்டு மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். உள்ளூரில் கதவு திறக்காத விரக்தியில், திறந்த முதல் கதவுக்குள் யோசிக்காமல் நுழையும் நிலைமை எந்த இளைஞருக்கும் வரலாம். பதில் சொல்லாத கம்பெனிகள் இதையும் யோசிக்க வேண்டும்.

45 நாளுக்குள் சொல்லியாக வேண்டும்

கம்பெனிகளைப் பதில் சொல்லவைக்கும் விதி கனடாவில் ஒரு மாகாணத்தில் வந்திருக்கிறது. கனடா என்ற பெயர் குந்தாக்காரர்களுக்குப் புதிதல்ல. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடுதான் குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. அதே கனடாவில், ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்கள் நிறையப் பேர் வாழும் டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம், 2026 ஜனவரி 1 முதல் ஒரு புது விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த ஒரு வேலைக்கு ஒருவரை இன்டர்வியூ செய்தால், கடைசி இன்டர்வியூ நடந்து 45 நாளுக்குள், அந்த இடத்துக்கு முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்பதை அவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நேரிலோ, எழுத்திலோ, மின்னஞ்சலிலோ சொல்லலாம். சொன்னதற்கான பதிவையும் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இன்று இருக்கும் இந்த உரிமை, பிக்கட்டிப் பெண்ணுக்கு இல்லை. தனியார் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கொண்டுவர முடியாத விஷயமா இது? தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறது, 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டத்தையும் தொடங்கியது. இந்த முகாம்களில் மேசை போட்டு உட்காரும் நிறுவனங்களிடமாவது, "இன்டர்வியூ செய்தவர்களுக்கு இத்தனை நாளுக்குள் முடிவைச் சொல்வோம்" என்று எழுதி வாங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் கூட வேண்டாம், ஒரு நிபந்தனை போதும். மலையிலிருந்து பஸ் காசு செலவழித்து இறங்கி வரும் பிள்ளைக்கு அந்த ஒரு தேதியையாவது அரசு வாங்கித் தர வேண்டும்.

அந்தப் பதினோராவது நாளை எப்படிக் கழிப்பது?

கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதியவர்கள் முடிவுக்காக நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியர் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். "நல்லதே நடக்கும்" என்று தேற்றிக்கொள்வதோ, எதிர்பார்ப்பை வலிந்து குறைத்துக்கொள்வதோ தவிப்பைக் குறைக்கப் பெரிதாக உதவவில்லை என்று அவர் கண்டார். நேரம் போவதே தெரியாத அளவுக்கு ஒரு வேலையில் மூழ்கிப்போனவர்களுக்குத்தான் காத்திருப்பு சற்று லேசாக இருந்தது. பிக்கட்டியில் அது அடுத்த கம்பெனிக்கான விண்ணப்பமாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம், அம்மாவோடு நாலு கிலோ இலை பறிப்பதாகவும் இருக்கலாம். ஜன்னல் திண்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும் உதவாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று தினமும் கேட்பது அக்கறைதான். ஆனால் பதில் இல்லாதவருக்கு அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு தோல்வியை எழுதிக் கொடுக்கிறது. "22ஆம் தேதி மெயில் போடப்போறேன்மா, அதுவரைக்கும் கேக்காதீங்க" என்று பிள்ளை சொல்லிவிட்டால் வீடும் மூச்சுவிடும்.

மதியம் மூட்டம் விலகுகிறது. எதிர்மலையில் பஸ் திரும்பும் வளைவு தெரிகிறது. ஜன்னல் திண்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வாசலுக்கு வருகிறாள். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. மெயிலைத் திறந்து, இன்டர்வியூ நடந்த தேதியை முதல் வரியில் எழுதுகிறாள். நான்கு வரி முடிந்ததும், "உங்களிடமிருந்து எந்தத் தேதிக்குள் பதிலை எதிர்பார்க்கலாம்?" என்று சேர்க்கிறாள். இரண்டு முறை படித்துப் பார்க்கிறாள். சிக்னல் ஒரு கோடு காட்டுகிறது. ரோட்டு மேட்டுக்கு ஏறி நின்று அனுப்புகிறாள். பிறகு காலையில் பாதியில் விட்ட இன்னொரு கம்பெனியின் விண்ணப்பத்தைத் திறக்கிறாள்.